சம்பாத்தியம் கடலுக்கு அப்பால், சம்சாரம் இங்கே!

அயல்நாட்டில் உத்தியோகம் பார்ப்பவரின் குடும்பத்துக்கு எந்த இன்ஷூரன்ஸ் தேவை?

திருச்சி விமான நிலையத்தின் வாசலில் இரவு நேரத்தில் சற்று நின்று பார்த்தால் போதும்; தமிழ்நாட்டுக் குடும்பங்களின் கதை பாதி தெரிந்துவிடும். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் ஒரு பக்கம். வழியனுப்ப வந்தவர்கள் ஒரு பக்கம். மாமியார் ஊறுகாய்ப் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கொடுக்கிறாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா தள்ளிக்கொண்டு போகும் பெட்டி வண்டியின் மேல் ஏறி உட்கார வேண்டும் என்று அடம் பிடிக்கிறது.

பாஸ்போர்ட் இருக்கிறதா, விசா இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்டாகிவிட்டது. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "அங்கே உங்களுக்கு உடம்புக்கு வந்தால் செலவு யாருடையது? இங்கே எங்களுக்கு வந்தால் யாருடையது?" புறப்படுகிற நேரத்தில் அபசகுனமாகப் பேசக் கூடாது என்று அந்தக் கேள்வியை மனத்திலேயே அடக்கிக் கொள்கிறார்கள்.

முன் காலத்தில் 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களிடமும் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திராது. இந்தியாவில் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று 'மெடிக்ளெய்ம்' என்னும் பாலிஸி வந்ததே 1986-ஆம் ஆண்டில்தான். இப்போது நிலைமை வேறு. பாலிஸிகள் ஏராளமாக இருக்கின்றன. எது எதற்கு உதவும், எது எதற்கு உதவாது என்பதைத் தெரிந்து கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

"நமக்கா, உங்களுக்கா?"

பரமக்குடிப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கணவர் துபாயில் கிரேன் ஓட்டுகிறார். மனைவியும், ஆறு வயதுப் பெண் குழந்தையும், சர்க்கரை வியாதியுள்ள மாமியாரும் ஊரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு டெலிபோன் வருகிறது.

"ஏங்க, அடுத்த வீட்டு அக்கா இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. நாமளும் ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"அதெல்லாம் எதுக்கு? கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்திருக்காங்க. நமக்குத்தான் கார்டு இருக்கே!"

"நமக்கா, உங்களுக்கா?"

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அவர் பையிலிருந்து கார்டை எடுத்துப் பார்க்கிறார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

இந்த ஒரு வார்த்தையில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. குடும்பம் ஒன்றுதான், ஆனால் அது இரண்டு தேசங்களில் வாழ்கிறது. ஒரு தேசத்தில் வாங்கிய இன்ஷூரன்ஸ் அநேகமாக அந்தத் தேசத்தின் எல்லையோடு நின்றுவிடும். ஆகையால் எந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது யாருக்கு? எந்த ஊரில் செல்லும்? எந்தத் தேதி வரை? இந்த மூன்றுக்கும் விடை எழுதிப் பார்த்தால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தானாகவே தெரியும்.

கம்பெனி கொடுக்கும் கார்டு

முதலில் வேலை செய்கிறவரின் கார்டைப் பார்ப்போம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது.

துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. பிரிமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆனால் மனைவி மக்களையும் அங்கே அழைத்துக் குடிவைத்தால் அவர்களுக்கு எடுக்க வேண்டியது அழைத்தவரின் பொறுப்பு. பக்கத்தில் உள்ள அபுதாபியில் ஊழியரோடு அவர் மனைவிக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகள் வரைக்கும் முதலாளியே எடுத்துத் தர வேண்டும். ஷார்ஜா, அஜ்மான் முதலிய மற்றப் பகுதிகளில் தனியார் ஊழியருக்கு இந்தக் கட்டாயம் வந்தது 2025 ஜனவரி 1 முதல்தான். ஒரே தேசத்துக்குள்ளேயே இத்தனை வித்தியாசம்!

சவூதி அரேபியாவில் ஊழியருக்கும், அங்கே அவரோடு வசிக்கும் குடும்பத்தாருக்கும் முதலாளியே இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 'வொர்க் பர்மிட்', 'எஸ் பாஸ்' உள்ள ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் டாலர் என்று இருந்த குறைந்தபட்சத் தொகை 2023 ஜூலை 1 முதல் 60,000 டாலராக உயர்த்தப்பட்டது. ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கும், அன்றே வீடு திரும்பும் ஆபரேஷனுக்கும் இது பொருந்தும். ஆனால் 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' என்னும் உயர்ந்த பாஸில் போனவர்களுக்கு இந்தச் சட்டக் கட்டாயம் இல்லை. "பெரிய உத்தியோகம்; எல்லாம் இருக்கும்" என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மேல்நாடுகளின் வழக்கம் வேறு. ஜெர்மனியில் சட்டபூர்வமான மருத்துவ இன்ஷூரன்ஸில் உள்ள ஊழியரோடு வசிக்கும், வருமானமில்லாத மனைவியையோ கணவரையோ கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துக் கொள்வார்கள். அமெரிக்காவில் கம்பெனியின் திட்டத்தில் மனைவியைச் சேர்க்கப் பொதுவாகக் கலியாணம் ஆன முப்பது நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். தவறினால் அடுத்த வருஷச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரலாம். ஊரில் தாலி கட்டிவிட்டு விருந்து சாப்பிடுவதிலேயே முப்பது நாளும் ஓடிவிடுவது உண்டு!

கார்டு கைக்கு வந்ததும் கவனிக்க வேண்டியவை சில. துபாயின் அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம். சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நோயாளியே கொடுக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்கும் போய்விட முடியாது. பட்டியலில் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, லீவில் இந்தியாவுக்கு வந்திருக்கும்போது அந்தக் கார்டு செல்லுமா என்பது. சாதாரண ஊழியருக்குக் கொடுக்கும் கார்டுகள் பெரும்பாலும் இங்கே செல்லாது.

பெட்டியில் தூங்கும் பத்து லட்சம்

இனி, பலருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாத ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அனுமதி பெறுவதோடு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்னும் இன்ஷூரன்ஸையும் எடுக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2003-ல் ஏற்பாடு செய்தது. 2017-ல் அது திருத்தப்பட்டது. அதன்படி இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிமியம் 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தரமாக அங்கம் ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். முதலாளி மாறினாலும், வேலை செய்யும் இடம் மாறினாலும் இந்தத் தொகை மறுக்கப்படாது. நோய்க்கும் காயத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவு 1 லட்சம் வரை. ஒரு தடவைக்கு 50,000. விபத்தில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடக்கம்.

இவ்வளவு குறைந்த கட்டணத்தில் இவ்வளவு பெரிய உதவி என்றால் ஆச்சரியந்தான். ஆனால் நடப்பது என்ன? பத்திரத்தை வாங்கியவர் ஏஜெண்ட். அது போய்ச் சேர்ந்த இடம் கணவரின் பெட்டி. ஊரில் இருக்கும் மனைவிக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது. கட்டிட வேலையில் கால் தவறி ஒரு விபரீதம் நேர்ந்துவிட்டால், அவள் யாரிடம் போய் எதைக் கேட்பாள்? பெட்டியில் தூங்கும் பத்து லட்சத்தால் யாருக்கு என்ன பிரயோசனம்?

இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கழிந்ததும் பாலிஸி முடிந்துவிடும். ஆனால் மனிதர் ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று அங்கேயே இருப்பார். அங்கிருந்தபடியே புதுப்பிக்க வழியுண்டு. புதுப்பிப்பவர்கள்தான் குறைவு.

இதன் எல்லையையும் அறிந்து கொள்ள வேண்டும். பத்து லட்சம் என்பது விபத்துக்கு மட்டுமே. படுத்த இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தால் அது விபத்து ஆகாது. ஆகவே குடும்பத்தைக் காப்பாற்றுகிறவருக்குத் தனியாக ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் இருப்பது அவசியம். மேலும், ஊரிலுள்ள மனைவிக்கும் முதல் இரண்டு குழந்தைகளுக்கும் இந்தத் திட்டத்தில் ஆஸ்பத்திரி உதவி கிடைப்பது, பாலிஸிக்காரர் இறந்துபோனாலோ நிரந்தர ஊனமடைந்தாலோதான். அவர் நல்லபடியாக இருக்கும் வரை அவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு

அப்படியானால் பரமக்குடி வீட்டில் உள்ள மூவருக்கும் என்ன வழி?

ஆண்டு வருமானம் குறைவான குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் அதன் அட்டையை முதலில் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தால் வருமான வரம்பைத் தாண்டியவர்கள் சொந்தமாக ஒரு குடும்பப் பாலிஸி எடுப்பதே முறை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவ பாலிஸிகளின் பிரிமியத்துக்கு ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் வரியாகவே போய்க்கொண்டிருந்தது.

பாலிஸி எடுக்கும்போது பிரிமியம் எது குறைவு என்று மட்டும் பார்ப்பது தவறு. நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அறை வாடகை வரம்பு. மூன்று லட்ச ரூபாய்ப் பாலிஸியில் அறை வாடகை நூற்றுக்கு ஒன்று, அதாவது நாளைக்கு 3,000 ரூபாய் என்று நிபந்தனை இருப்பதாக வைத்துக் கொள்வோம். நோயாளியை 6,000 ரூபாய் அறையில் சேர்த்து ஐந்து நாள் வைத்திருந்தார்கள். அறைக்கு 30,000, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் அறைக் கட்டணம், நர்சுகளுக்கான கட்டணம் எல்லாம் சேர்த்து 1,00,000. அறை வாடகையில் அதிகமான 15,000-ஐத்தான் தாங்கள் கட்ட வேண்டியிருக்கும் என்று வீட்டார் நினைப்பார்கள். ஆனால் இத்தகைய பாலிஸிகளில் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். வரம்பைப் போல் இரண்டு பங்கு வாடகையுள்ள அறை என்பதால் அந்த ஒரு லட்சத்திலும் பாதிதான் கிடைக்கும். கைப்பணம் கட்ட வேண்டியது 15,000 அல்ல, 65,000! அறை வரம்பு இல்லாத பாலிஸிக்குச் சிறிது கூடுதலாகக் கட்டினாலும் நஷ்டமில்லை.

இரண்டாவது, காத்திருக்கும் காலம். பாலிஸி எடுத்த மறுநாளே எல்லாவற்றுக்கும் பணம் கிடைத்துவிடாது. விபத்தைத் தவிர்த்து மற்றவற்றுக்குப் பொதுவாக முதல் முப்பது நாள் கிடையாது. ஏற்கெனவே உள்ள வியாதிக்குக் காத்திருக்கும் காலம் நான்கு ஆண்டு வரை இருந்தது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் அதை மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று குறைத்தது. பிரசவச் செலவைச் சில பாலிஸிகள் ஏற்பதே இல்லை. ஏற்பவையும் பல மாதங்கள் கழித்தே ஏற்கும். கர்ப்பம் தரித்த பிறகு பாலிஸி தேடுவது வெள்ளம் வந்தபின் கரை போடுவதைப் போன்றது.

மூன்றாவது, பணம் கட்டாமலே சிகிச்சை பெறும் வசதி. கணவர் கடலுக்கு அப்பால் இருக்கும்போது நள்ளிரவில் ஆஸ்பத்திரி வாசலில் அட்வான்ஸ் கட்ட மனைவி யாரிடம் போய்க் கை நீட்டுவாள்? கம்பெனியின் பட்டியலில் தங்கள் ஊரில் உள்ள ஆஸ்பத்திரி இருக்கிறதா, அவசரத்துக்குப் போகக் கூடிய மதுரையில் எவை இருக்கின்றன என்று பாலிஸி எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, மாமியாரை எதில் சேர்ப்பது என்பது. எல்லோரையும் ஒரே பாலிஸியில் போட்டால், வீட்டில் மூத்தவரின் வயதை வைத்தே பிரிமியம் கணக்கிடுவார்கள். ஒருவருடைய சிகிச்சையிலேயே தொகை முழுவதும் தீர்ந்துபோகவும் கூடும். ஆகவே கணவன், மனைவி, குழந்தைக்கு ஒரு பாலிஸியும், பெரியவர்களுக்குத் தனிப் பாலிஸியும் எடுப்பது நல்லது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிய பாலிஸி மறுக்கப்பட்டு வந்தது. அந்த வயது வரம்பையும் 2024-ல் நீக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்ணப்பத்தில் 'வியாதி ஏதாவது உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் பிரிமியம் குறையும் என்று சில ஏஜெண்டுகள் யோசனை சொல்வார்கள். அந்த யோசனையைக் கேட்டால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாளில் பாலிஸியே செல்லாது என்ற பதில் வரலாம். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால் உள்ளபடி எழுத வேண்டும். கணவர் வெளிநாட்டில் வசிக்கிறார் என்பதையும் எழுத வேண்டும். ஐந்து ஆண்டுகள் விடாமல் நடந்த பாலிஸியை, மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, 'வியாதியை மறைத்தீர்கள்' என்று கம்பெனி மறுக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வரும் நோய் காத்துக்கொண்டிருக்குமா?

பாலிஸி கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். கணவர் ஊரில் இல்லாத வீடுகளில் இந்த அவகாசம் பெரிய சௌகரியம். பக்கங்களைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி இருவரும் கலந்து பேசலாம்.

கணவர் பெயரையும் ஏன் சேர்க்க வேண்டும்?

"அவருக்குத்தான் கம்பெனிக் கார்டு இருக்கிறதே, ஊர்ப் பாலிஸியில் எதற்குச் சேர்த்து வீணாகப் பணம் கட்டுவது?" என்று பலர் அவரை விட்டுவிடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அவர் முப்பத்திரண்டு வயதில் துபாய்க்குப் போனார். நல்ல திடகாத்திரம். நாற்பத்தைந்து வயதில் வேலை முடிந்து திரும்புகிறார். வெயிலிலும் ஓவர்டைமிலும் தேய்ந்த உடம்பு. ரத்தக் கொதிப்பு வேறு சேர்ந்துகொண்டது. கம்பெனியிலிருந்து பெயர் நீங்கியதும் கார்டும் அதோடு சரி. அப்போது புதிதாக ஒரு பாலிஸி எடுத்தால், இருக்கிற வியாதிக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். பிரிமியமும் அதிகம். சில கம்பெனிகள் கொடுக்கவே மறுத்துவிடும். சம்பளம் நின்று, கார்டும் நின்று, வியாதி மட்டும் நிற்காத அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு மாரடைப்பு வந்தால், பதின்மூன்று வருஷச் சம்பாத்தியமும் ஒரே ஆஸ்பத்திரிப் பில்லில் கரைந்துவிடக் கூடும்.

அதே மனிதர் திடமாக இருந்த காலத்திலேயே ஊர்ப் பாலிஸியில் தம் பெயரைச் சேர்த்து விடாமல் நடத்தியிருந்தால், காத்திருக்கும் காலம் எல்லாம் எப்போதோ கழிந்திருக்கும். பிறகு வந்த வியாதி என்பதால் அதற்குத் தடையும் இராது. இடையில் லீவில் வந்த ஒவ்வொரு மாதமும் அவருக்குப் பாதுகாப்பு இருந்திருக்கும். பிரிமியத் தேதி தவறினாலும் பொதுவாக முப்பது நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டிவிட்டால் சேர்ந்த ஆண்டுகள் வீணாகா. அதைத் தாண்டினால் பல வருஷத்துச் சேமிப்பு ஒரு நாள் மறதியில் போகும்.

பார்த்துவிட்டு வரப் போகும் மனைவி

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. இரண்டு மாதம் துபாயில் இருந்துவிட்டு வரலாம் என்று கணவர் விசா அனுப்புகிறார். இப்போது மூன்றாவது பத்திரம் ஒன்று வேண்டியிருக்கிறது. அதுதான் பிரயாண இன்ஷூரன்ஸ்.

கணவரின் கம்பெனிக் கார்டில் மனைவியின் பெயர் இல்லை. ஊர்ப் பாலிஸி பெரும்பாலும் இந்தியாவில் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு மட்டுமே. ஆக, விமானம் கிளம்பியது முதல் திரும்பும் வரை அவளுக்கும் குழந்தைக்கும் இரண்டும் உதவாது. பொது ஆஸ்பத்திரிகளில் உள்நாட்டாருக்குக் கிடைக்கும் சலுகைக் கட்டணமும், உதாரணமாகச் சிங்கப்பூரில், சுற்றிப் பார்க்க வந்தவருக்குக் கிடையாது.

பிரயாணப் பாலிஸியை இந்தியாவை விட்டுப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு வாங்குவது சிரமம். தொகையைப் பொதுவாக அமெரிக்க டாலரில் குறிப்பிடுவார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்கள் குறைந்தது 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் காட்டினால்தான் விசாவே கிடைக்கும். மற்ற நாடுகளுக்கு விசாவுக்கென்று குறைந்த தொகையில் ஒரு காகிதம் வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை.

இந்தப் பாலிஸியின் இயல்பைப் புரிந்து கொள்ள வேண்டும். இது திடீரென்று வரும் அபாயத்துக்குத்தான். பழைய வியாதிக்குப் பெரும்பாலும் கிடையாது. உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் சில பாலிஸிகள் ஓரளவு கொடுக்கும். பிரசவத்தைப் பெரும்பாலான பாலிஸிகள் ஏற்பதில்லை. 'அங்கே போய் அவர் பக்கத்திலேயே பிரசவித்துக் கொள்கிறேன்' என்று ஆசைப்படும் கர்ப்பிணிப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரசவச் செலவு வேண்டுமானால் அந்நாட்டில் குடியிருப்பு விசாவும், அங்குள்ள மருத்துவ இன்ஷூரன்ஸும்தான் வழி. அதிலும் துபாய் அடிப்படைத் திட்டத்தில் பிறந்த குழந்தைக்குத் தாயின் பாலிஸியில் பாதுகாப்பு முப்பது நாள்தான். அதற்குள் குழந்தைக்குத் தனியே பதிந்துவிட வேண்டும்.

தேதிகளையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். இரண்டு மாதம் என்று புறப்பட்டவர்கள் "இன்னும் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போயேன்" என்ற பேச்சுக்கு மயங்கி விசாவை நீட்டிக் கொள்வார்கள். பாலிஸியை நீட்ட மறந்துவிடுவார்கள். விபத்து அந்தப் பதினைந்து நாளில் வராது என்று யார் சொல்ல முடியும்? ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் பத்திரத்தில் உள்ள உதவி நம்பருக்கு உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செலவழித்துவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் தகராறுதான் மிஞ்சும்.

மனைவி அங்கே, கணவர் இங்கே

இத்தனையும் ஆண்பிள்ளைகள் மட்டுமே அயல்நாடு போவதுபோல் சொல்லப்பட்டது. உண்மையில் நர்சுகளாகவும் ஆசிரியைகளாகவும் வீட்டு வேலை செய்பவர்களாகவும் கடல் கடந்து போய்க் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் விஷயத்திலும் கணக்கு அதேதான். ஆனால் பணம் அனுப்புகிறவள் தன் உடம்பைக் கடைசியாகத்தான் நினைக்கிறாள். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஊரில் பாலிஸி எடுக்கச் சொல்லிவிட்டு, தன் பெயரை விட்டுவிடுகிறாள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், முதலாளி என்ன இன்ஷூரன்ஸ் கொடுக்கிறார் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்து மூலம் வாங்கிக் கொள்ளாமல் விமானம் ஏறக் கூடாது.

எந்தப் பத்திரமும் உதவாத நெருக்கடி வந்துவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தை நாடலாம். 2009-ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வழியற்றவர்களுக்கு அவசரச் சிகிச்சைக்கும், இறந்தவரின் உடலை அனுப்புவதற்கும் அவர்கள் உதவுவது உண்டு. ஆனால் அது கைவிடப்பட்டவர்களுக்கான உதவி. அதை நம்பி இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

கம்பெனி மறுத்தால்?

இந்தியக் கம்பெனியில் பாலிஸி எடுத்து, நியாயமான பணத்தைக் கொடுக்க மறுத்தால் சோர்ந்துபோக வேண்டியதில்லை. முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். அவர் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் என்னும் 'ஆம்பட்ஸ்மன்' இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அவருடைய ஆபீஸ் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரையுள்ள வழக்குகளை அவர் தீர்த்து வைக்க முடியும். கம்பெனி மறுத்த ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் என்றால் அந்த நாட்டு அதிகாரிகளிடந்தான் முறையிட வேண்டும்.

ஒரு மஞ்சள் உறை

பரமக்குடி வீட்டுக்குத் திரும்புவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் வந்தபோது கணவர் சொன்னார்: "நீ கேட்டது சரிதான்மா. கார்டு எனக்கு மட்டுந்தான். அதுவும் இங்கே மட்டுந்தான்." அன்று இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் தம் கார்டின் இரு பக்கங்களையும், சர்க்கார் இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் படம் எடுத்து அனுப்பினார். சர்க்கார் பத்திரம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது! மறுநாளே புதுப்பித்தார். வாரிசாகத் தாயாரின் பெயர் இருந்த இடத்தில் மனைவியின் பெயரையும் சேர்த்தார். மனைவி ஊரில் மூவருக்கும் ஒரு பாலிஸியும் மாமியாருக்குத் தனியே ஒன்றும் எடுத்தாள். அந்த மூவரில் கணவரும் ஒருவர்.

எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் உறையில் போட்டு, மேலே ஒரு காகிதத்தில் பாலிஸி நம்பர், முடியும் தேதி, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய டெலிபோன் நம்பர் மூன்றையும் எழுதி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவசரத்தில் தான் வீட்டில் இல்லாவிட்டாலும் எடுக்கட்டும் என்று மாமியாரிடமும் இடத்தைக் காட்டினாள்.

இது கற்பனைக் குடும்பந்தான். ஆனால் இப்படிப்பட்ட பீரோக்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் நகைப் பெட்டி இருக்கிறது. வீட்டுப் பத்திரம் இருக்கிறது. கலியாணப் போட்டோ இருக்கிறது. மஞ்சள் உறை இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. அடுத்த முறை விமான நிலைய வாசலில் கண்ணைத் துடைத்துக் கொள்ளும்போது, பிரிவின் துயரம் ஒன்றுதான் மனத்தில் இருக்கும், பயம் இராது.